ஆஷா பணியாளரின் பணிச்சோர்வும் அளவுகோல்களின் போதாமையும்

முன்களச் சுகாதாரப் பணியாளரின் உளநலம் குறித்த ஆய்வுகள் கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் பெருகியுள்ளன. கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட பணிச்சோர்வு அளவுகோலையே அவற்றுள் பல கருவியாகக் கொள்கின்றன. உணர்வு வறட்சி, பயனாளியை ஆளாகக் கருதாத விலகல், சாதித்த உணர்வு குன்றல் என்னும் மூன்று கூறுகளை அது அளக்கின்றது. மருத்துவமனைச் செவிலியருக்கு இது ஓரளவு பொருந்தும். ஆஷா பணியாளருக்குப் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது.

2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கம், ஏறத்தாழ 1000 பேருக்கு ஓர் ஆஷா என வகுத்தது. அவர் அவ்வூரிலேயே வாழும் பெண்ணாக இருத்தல் வேண்டும். பெரும்பாலும் அங்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அளவுகோலின் இரண்டாம் கூறு தடுமாறுவது இவ்விடத்தில்தான். பணிநேரம் முடிந்து வேறிடம் செல்வோருக்கே விலகல் இயலும். ஆஷா பிரசவத்திற்கு அழைத்துச் சென்றவள் அண்டை வீட்டுப் பெண். தடுப்பூசியை மறுத்தவர் கணவரின் பெரியப்பா. மறுநாள் தண்ணீர் எடுக்குமிடத்திலும் திருமண வீட்டிலும் அவர்களையே காண வேண்டும். விலக இடமில்லாதவர் அக்கூறில் பெறும் குறைந்த மதிப்பெண்ணை நலத்தின் அடையாளமாகக் கொள்ள இயலுமா?

பணி இறுக்கத்தை மனத்துள் தேடாது வேலையின் அமைப்பில் தேடியது, ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த மாதிரி. எனினும் யோகன்னஸ் சீக்ரிஸ்டின் உழைப்பு–கைம்மாறு சமனின்மை மாதிரியே (1996) ஆஷாவின் நிலைக்கு நெருங்கியது. ஊதியம், மதிப்பு, பணிப்பாதுகாப்பு எனக் கைம்மாற்றை அது பகுத்துக் காண்கிறது. அரசு ஏட்டில் ஆஷா தன்னார்வலர். பெறுவது செயலுக்கேற்ற ஊக்கத்தொகை. வழக்கமான பணிகளுக்கான தொகை 2018 அக்டோபரில்தான் மாதம் 1000 ரூபாயிலிருந்து 2000 ரூபாயாக உயர்ந்தது. (சில மாநிலங்கள் தனியே மதிப்பூதியம் வழங்குகின்றன.) 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது அளித்தது. உலக அரங்கில் மதிப்புப் பெற்றவர்கள் ஏட்டில் தன்னார்வலராகவே நீடித்தனர். கைம்மாற்றின் கூறுகளை ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டும் ஆய்வில் இம்முரண் புலப்படாது.

தமிழ் வினாநிரலில் இன்னோர் இடர் உண்டு. பணிச்சோர்வை ‘மனச்சோர்வு’ எனப் பெயர்ப்பின், அதே சொல் ஓர் உளநோயின் பெயராகவும் வழங்குவதால் பொருள் மயங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாது தொழில்சார் நிகழ்வாகவே குறிக்கின்றது. மொழிபெயர்ப்போ வேலையின் குறையைப் பணியாளரின் நோயாக்கிவிடுகிறது. அத்தகைய ஆய்வின் பரிந்துரைகளில் மூச்சுப்பயிற்சி இடம்பெறுவதும், உரிய ஊதியம் இடம்பெறாமற் போவதும் வியப்பன்று.