சதுரகிரி இறக்கமும் பயிற்சியில்லாத கால்களும்

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் வரை போய், ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு மலை வெறும் பின்னணிதான். அதே தொடரில் வடக்கே, வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையில் அது வேறு முகம் காட்டுகிறது. ஆடி அமாவாசைக்கு அங்கிருந்து சதுரகிரி மலைக்கோவிலுக்கு ஏறும் கூட்டத்தில், மாதக்கணக்காகக் கடைவீதியைத் தாண்டி நடக்காதவர்களும் உண்டு. 'போன வருஷம் ஓடினோமே, சமாளித்துக்கொள்ளலாம்' என்று மலையோட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பவரும் இவர்களும் நம்புவது ஒன்றைத்தான்: உடம்பு எப்படியாவது ஒத்துழைக்கும். ஏற்றத்துக்கு இந்த நம்பிக்கை ஓரளவு செல்லும், இறக்கத்துக்குச் செல்லாது. நேரக்கெடு வைத்துவிட்டால் இரண்டுக்குமே செல்லாது என்பது என் கட்சி.

ஏற்றத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் எட்வர்ட் காயில் குழுவினர், நன்கு பயிற்சி பெற்றவர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லிக் கவனித்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உடல் உச்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு முதல் 21 நாட்களில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாட்களுக்குப் பின் 16 சதவீதக் குறைவில் நின்றுவிட்டது. பழைய பயிற்சி முழுதும் கரைந்துபோவதில்லை என்பவர்களுக்கு இது நல்ல சான்று. தவிர, ஏற்றத்தில் மூச்சே எச்சரிக்கை மணி. வாங்கினால் நிற்கலாம், உட்காரலாம். ஆனால் ஒருபோதும் பயிற்சி பெறாதவருக்கும், தெரியாத இதயக் கோளாறு உள்ளவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. கோவை வெள்ளியங்கிரியில் 2024இல் மலையேறிய பக்தர்கள் சிலர் உயிரிழந்ததை மறந்துவிட்டுப் பேச முடியாது.

இறக்கத்தில் மூச்சு வாங்காது, அதுதான் வில்லங்கம். ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. இப்படி வேலை செய்யும் தசைக்குச் செலவாகும் ஆற்றல் குறைவு, உள்ளே ஏற்படும் சேதம் அதிகம். வலி அன்றே தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். வலிக்கு முன்பே பலம் போய்விடுகிறது: வழுக்குப்பாறையில் முழங்கால் நடுங்க, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, முன்னால் போகிறவர் தோளைப் பிடித்து இறங்குகிறவர்களைப் பார்த்தால் போதும். ஆனால் முன்பே ஒருமுறை சரிவில் இறங்கிய தசை, அடுத்த முறை அவ்வளவு சேதப்படுவதில்லை. அந்தக் காப்பு பல வாரங்கள் நீடிக்கிறது. சமதளத்தில் தினமும் ஓடுகிறவருக்குக்கூட இது தானாக வாய்ப்பதில்லை. பந்தயத்துக்கு வருகிறவரிடம் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்று கேட்பதைவிட, கடைசியாக எப்போது மலை இறங்கினீர்கள் என்று கேட்பதே பயனுள்ளது.

'எங்கள் அப்பத்தா வருஷந்தோறும் ஏறுகிறாளே, அவள் எங்கே பயிற்சி எடுத்தாள்?' என்பார்கள். களை எடுப்பதும் தலைச்சுமை தூக்குவதும் பயிற்சி இல்லையா என்ன? அதைவிட முக்கியம், அப்பத்தா யாரையும் முந்தப் போவதில்லை. வழியில் கோரக்கர் குகையிலும் இரட்டை லிங்கத்திலும் உட்கார்ந்துதான் போவாள். போட்டி பறிப்பது அந்தச் சுதந்திரத்தைத்தான். பயிற்சி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீர்க் குளிரில் 21 பேர் இறந்தார்கள். நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். பயிற்சியால் வானிலையை மாற்ற முடியாது. ஆபத்திலிருந்து விலகும் வேகத்தைத்தான் அது தரும்.

சதுரகிரியில் போட்டி இல்லையென்றாலும் கெடு இருக்கிறது. இந்த மலை அடங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இரவு தங்க அனுமதியில்லை, மாலைக்குள் இறங்கியாக வேண்டும். விலங்குகளை நினைத்தால் இந்த விதியைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் காலையில் தாமதமாக ஏறி, மேலே தரிசனத்துக்கு வரிசையில் நின்றவர், களைத்த காலோடு பாறைகளில் அவசரமாக இறங்க வேண்டியதாகிறது. மெதுவாக இறங்கினாலும் சிக்கல்: மேலே மழை பெய்தால் கீழே ஓடை சொல்லாமல் பெருகும். 2015 மே மாதம் சதுரகிரியில் அப்படித் திடீரென வந்த வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. அய்யனார் கோவில் ஆற்றிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே பயிற்சியில்லாமல் போகிறவர் விடியலிலேயே ஏறத் தொடங்கட்டும். நண்பகலுக்குள் பாதி வழிகூட எட்டவில்லையென்றால், சாமியைப் பார்க்காவிட்டாலும் திரும்பிவிடட்டும்.