கலந்த குருதியும் கட்டப்பட்ட சுவரும்

மாந்தரிடையே காணப்படும் மரபணு வேறுபாடுகள் எவ்வாறு உண்டாயின என்னும் வினாவுக்கு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரைக், 2018-இல் வெளியிட்ட ‘ஹூ வீ ஆர் அண்ட் ஹவ் வீ காட் ஹியர்’ என்னும் ஆங்கில நூலில் விடை கூற முற்படுகிறார். பண்டைய எலும்புகளிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்தெடுத்து ஆராயும் துறையின் முன்னோடிகளுள் அவர் ஒருவர். மனிதன் யார் என்று வினவும் எவரும் இந்நூலைப் புறக்கணித்தல் இயலாது.

இன்றுள்ள எந்த மக்களும் தூய மரபினர் அல்லர் என்பதே நூலின் தலையாய கருத்து. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன், கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளிலிருந்து கால்நடை வளர்ப்போர் ஐரோப்பாவிற்குள் பெருந்திரளாகப் பரவினர். பழைய வேட்டைக்குடிகள், அனத்தோலியாவிலிருந்து வந்த உழவர், இப்புல்வெளி மக்கள் ஆகிய முத்திறத்தாரின் கலப்பினரே இன்றைய ஐரோப்பியருள் பெரும்பாலோர். இனத்தூய்மை பேசியோரின் வாதம் இங்கே வேரோடு சாய்கிறது. இடப்பெயர்ச்சியின் வரலாற்றை இத்துணைத் தெளிவாக எடுத்துரைத்தமைக்கு நாம் ஆசிரியருக்குக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆயினும் இயற்கைத் தேர்வைப்பற்றிப் பேசுமிடத்து இத்தெளிவு குன்றுகிறது. மக்கள் தொகுதிகளுக்கிடையே சராசரி வேறுபாடுகள் பல இருத்தல் கூடும், அவற்றை மறுத்தல் அறிவியலாகாது என்று நூலின் இறுதிப் பகுதியில் வாதிடுகிறார். இனவெறியை அவர் வெளிப்படையாகக் கண்டிப்பதையும் நாம் மறைத்தலாகாது. எனினும் 2018 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதழில் இக்கருத்தை அவர் எழுதியபோது, 60-க்கும் மேற்பட்ட அறிஞர்கள் கூட்டாக மறுப்புரைத்தனர். மறுப்பு நியாயமானதே என்பது நம் கருத்து. இயற்கைத் தேர்வு, நாம் ‘இனம்’ என்று வரையும் கோட்டை அறியாது. சிவப்பணுக்களை அரிவாள் வடிவாக்கும் மரபணுவைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெறுகிறவர் கடும் மலேரியாவுக்குத் தப்பும் வாய்ப்பு மிகுதி. இருவரிடமிருந்தும் பெறுகிறவர் கொடிய குருதிநோய்க்கு ஆளாகிறார். இம்மரபணு ஆப்பிரிக்காவில் மட்டுமன்றிக் கிரேக்கத்திலும் அரேபியாவிலும் உண்டு. 1952-இல் நம் நீலகிரிப் பழங்குடியினரிடையேயும் அது கண்டறியப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடையிலோ அது மிக அரிது. கொசு இருந்த இடத்தை அது பின்தொடர்ந்தது. தோலின் நிறத்தை அன்று.

இந்தியாவைப்பற்றிய அதிகாரம் நமக்கு மிக நெருங்கியது. ஐதராபாத் ஆய்வாளர்களாகிய லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோருடன் இணைந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியருள் பெரும்பாலோர் இரு பழங்குடி மரபுகளின் கலப்பினர் எனக் காட்டிற்று. இக்கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாக நிகழ்ந்து, பின்னர் அகமணத்தால் அருகிற்று என 2013-இல் வந்த ஆய்வு தெளிவுபடுத்திற்று. ஆந்திர வைசியர் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகத் தம்முள்ளேயே மணவுறவு கொண்டுவந்துள்ளனர். அறுவை மருத்துவத்தின்போது அளிக்கப்படும் தசைதளர்த்தி மருந்தொன்றினால் அவர்களுள் சிலர் நெடுநேரம் செயலற்றுப்போவது மருத்துவர் அறிந்த செய்தி. மூதாதையர் சிலரிடம் தற்செயலாய் இருந்த குறை, சிறு வட்டத்திற்குள்ளேயே சுற்றிச் சுற்றி மிகுந்தது. இடப்பெயர்ச்சியும் இயற்கைத் தேர்வும் செய்யாத இதனைச் செய்தது மனிதர் எழுப்பிய சுவரே.

இதற்கு ஆசிரியர் காட்டும் வழி என்ன? யூதரிடையே ‘டோர் யெஷோரிம்’ என்னும் அமைப்பு செய்வதுபோல், மணம் பேசுமுன் மரபணுச் சோதனை செய்யலாம் என்கிறார். ஒரு குழந்தையின் துன்பம் தவிர்க்கப்படுமாயின் அச்சோதனையை நாமும் வரவேற்போம். ஆனால் சுவரை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள்ளேயே ஊறில்லாத துணையைத் தேடச் சொல்வது பாதிப் பரிகாரமே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாட்டில் மக்கள் கலந்து வாழ்ந்தனர் என்று மெய்ப்பித்தவர், அக்கலப்பு மீண்டும் இயலும் என்று ஒரு வரியேனும் அழுத்தமாய் எழுதியிருக்கலாம்.

சாதி ஆங்கிலேயர் ஆட்சியின் படைப்பு என்போருக்கு இந்நூல் தக்க மறுப்பு. அது இயற்கையின் நியதி என்போருக்கு அதனினும் தக்க மறுப்பு. சமயம் மாறிய பின்னும் மணவுறவின் எல்லை மாறாத குடும்பங்கள் நம்மிடையே பல உள. இவ்வதிகாரத்தை வாசிப்போர், தம் இல்லத்து மணப்பேச்சோடு சேர்த்து அதனை வாசிப்பாராக.