கண்ணீரில் சேர்வதும் கோரிக்கையில் சேர்வதும்

2009 மே மாதம் போர் முடிந்த பிறகு இலங்கையில் ஒருவகைக் கூட்டம் பெருகியது. தெற்கிலிருந்து ஒரு பஸ் நிறையச் சிங்களப் பெண்கள் யாழ்ப்பாணத்துக்கோ கிளிநொச்சிக்கோ வருவார்கள். மண்டபத்தில் கதிரைகள் வட்டமாகப் போட்டிருக்கும். மகனைப் போர்முனையில் இழந்த சிங்களத் தாய் பேசுவார்; மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும் முன்பே எதிரே இருக்கும் தமிழ்த் தாய்க்குக் கண் கலங்கிவிடும். பிறகு இவர் பேச, அவர் அழுவார். மத்தியானச் சாப்பாடு, குழுப்படம், பின்னேரம் கோயில் தரிசனம். பஸ் திரும்பிவிடும். நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை போய்ச் சேரும்.

இதைக் கேலி செய்வது சுலபம். கேலி செய்கிறவர்களில் அநேகர் மற்ற இனத்து வீட்டின் துக்கத்தை ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்டவர்கள் இல்லை. எதிரியின் தாய் என்று மட்டுமே கேள்விப்பட்டிருந்த ஒருத்தியை நேரில் பார்ப்பதும், அவளும் மகனின் சட்டையை இன்னும் மடித்து வைத்திருக்கிறாள் என்று அறிவதும் சின்ன விஷயமல்ல. என் கேள்வி அழுகையைப் பற்றியது அல்ல, அழுது முடித்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து யாரிடம் எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பற்றியது.

கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன் இராணுவ அதிகாரி. 1998இல் கிளிநொச்சிச் சண்டையில் காணாமற்போனார். தாய் வீட்டில் முடங்கவில்லை. காணாமற்போன படையினரின் பெற்றோரைத் திரட்டினார். சண்டையில் இறங்கும் ஒவ்வொரு படையாளும் அடையாளத் தகடு அணிய வேண்டும் என்று இராணுவத்தை நெருக்கினார். மறுபக்கம் புலிகளின் தலைவர்களையும் சந்தித்துப் பேசினார். அரசாங்கப் பிரதிநிதி போயிருந்தால் அது அரசியலாகியிருக்கும். மகனைத் தேடி ஒரு தாய் போனால் சோதனைச்சாவடியில் நிற்பவனும் யோசிப்பான். இதுதான் இந்த வழியின் பெரிய பலம். அடையாளத் தகடு கேட்பதற்கு முதலில் பகைவரை மன்னித்துவிட வேண்டும் என்ற அவசியமும் இல்லை. கையில் ஒரு திட்டமான கோரிக்கை இருந்தது.

இந்தப் பலத்தை ஆண்களின் பேச்சுவார்த்தை மேசை எப்படி நடத்தியது என்பதையும் பார்க்கலாம். 2002 டிசம்பரில் அரசும் புலிகளும் பெண்கள் விவகாரத்துக்கென ஓர் உபகுழுவை அமைக்க ஒப்புக்கொண்டார்கள். தரப்புக்கு ஐந்து பெண்கள். அரச தரப்புக்குக் குமாரி ஜயவர்தனவும் புலிகள் தரப்புக்குத் தமிழினியும் தலைமை தாங்கினார்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகியதும் உபகுழுவின் கதையும் முடிந்தது. பிரதான மேசையில் இடம் கொடுக்காமல் பக்கத்து மேசையில் உட்கார வைத்தால் இதுதான் நடக்கும்.

தாய்மை என்ற அடையாளத்துக்கு இலங்கையில் இன்னும் பழைய சரித்திரம் உண்டு. 1984இல் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானபோது யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி எழுந்தது. சில வருடங்களில் புலிகள் இயக்கத்தின் பிடி இறுகியதும் அதன் தனிக்குரல் அமுங்கிப்போனது. 1990இல் மாத்தறையில் இன்னொரு அன்னையர் முன்னணி பிறந்தது. ஜேவிபி கிளர்ச்சியை அரசு அடக்கிய காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் அவர்கள். 1992இல் கொழும்பு முகத்துவாரத்துக் காளி கோயிலில் தேங்காய் உடைத்து, தலைவிரி கோலமாக நின்று ஆட்சியாளரைச் சபித்தார்கள். மறு ஆண்டு மே 1இல் ஜனாதிபதி பிரேமதாச குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபோது, காளி கேட்டுவிட்டாள் என்று சொன்னவர்களும் உண்டு. ஊர்வலத்தைத் தடுக்கலாம், சாபத்தை எந்தச் சட்டத்தின் கீழ்த் தடுப்பது? தாய்மாரின் போராட்ட முறைகளில் இதைவிடக் கூர்மையானதை நான் அறியேன்.

ஆனால் அந்த முன்னணிக்குப் பின்பலமாக நின்றது எதிர்க்கட்சி. ஒழுங்கமைத்தவர்கள் மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். காணாமற்போனவர்களின் ஆவணங்களோடு 1990இல் ஜெனிவாவுக்குப் புறப்பட்ட ராஜபக்சவிடம் விமான நிலையத்தில் வைத்து அவற்றைப் பறித்தார்கள். 1994இல் கட்சி ஆட்சிக்கு வந்தது; விசாரணை ஆணைக்குழுக்கள் அமைந்தன; முன்னணி மெல்லக் கரைந்தது. பிற்காலத்தில் அதே ராஜபக்சவின் ஆட்சியில்தான் வன்னித் தாய்மார், இராணுவத்திடம் தங்கள் கையாலேயே ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்று கேட்க நேர்ந்தது. தாய்மை யாருக்கும் வாகனமாகும். ஓட்டுபவர் இறங்கியதும் அது தெருவில் நிற்கும்.

வட்டமாகப் போட்ட கதிரைகளின் பிரச்சினைக்கு வருகிறேன். வட்டத்தில் எல்லாக் கதிரையும் ஒரே உயரம். வெளியே அப்படி இல்லை. போரில் இறந்த படையாளின் தாய்க்கு நினைவுத்தூபி இருக்கிறது, அரசின் கொடுப்பனவு இருக்கிறது. 5,000க்கும் அதிகமான படையினர் காணாமற்போனவர்களாகவே பதிவாகியிருப்பதால் அவர்களின் குடும்பங்களுக்கும் பதில் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் மகனின் படத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால் அவர்கள் வீட்டுக்குப் புலனாய்வுக்காரர் வருவதில்லை. தமிழ்த் தாய்க்கு வருகிறார்கள். போர் முடிந்த நாளான மே 18 அன்று விளக்கேற்றினால் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். இரண்டு துக்கத்துக்கும் ஒரே எடை என்று மண்டபத்தில் சொல்வது மனிதாபிமானம்தான். அதையே அரசியல் உண்மையாக அறிக்கையில் எழுதும்போது அநியாயமாகிவிடுகிறது.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலருகே தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். வவுனியா, முல்லைத்தீவு என்று கொட்டகைகள் பெருகின. தகரக் கூரை, பிளாஸ்டிக் உறையிட்ட படங்கள், நாள் கணக்கு எழுதிய பலகை. காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகம் (ஓஎம்பி) 2018இல் இயங்கத் தொடங்கியபோது, ஓஎம்பி வேண்டாம் என்றார்கள். 2022இல் அரசு இழப்பீடு அறிவித்தபோது, பணம் வேண்டாம், பிள்ளை எங்கே என்றார்கள். நல்லிணக்கத்துக்கு ஒத்துவராத பிடிவாதக்காரிகள் என்று இவர்களைப் பற்றி ஒரு முணுமுணுப்பு கொழும்பில் எப்போதும் உண்டு. பல வருடமாக ஒரே கேள்வியைக் கேட்பவரைவிட, பதில் சொல்லாமல் இருப்பவர்தானே பிடிவாதக்காரர்?

அந்தக் கொட்டகைகளின் பக்கம் நின்ற சிங்களப் பெண் சந்தியா எக்னெலிகொட. அவருடைய கணவர், கேலிச்சித்திரக்காரரும் பத்தி எழுத்தாளருமான பிரகீத், 2010 ஜனவரி 24 அன்று காணாமல் ஆக்கப்பட்டார். சந்தியா வடக்குத் தாய்மாரோடு சேர்ந்து அழுததோடு நிற்கவில்லை. அவர்கள் கேட்டதையே தானும் கேட்டார். அதற்காகத் தெற்கில் துரோகி என்று ஏச்சு வாங்கினார். 2022இல் அவர் மொட்டை போட்டுக்கொண்டதும் அதே முகத்துவாரக் காளியின் முன்னால்தான். சொந்தச் சமூகத்தில் விலை கொடுக்காத நல்லிணக்கத்தை நான் முழுதாக நம்புவதில்லை, சந்தியா கொடுத்தார்.

இன்னொரு குறை பற்றித் தமிழர்கள் நாம் அதிகம் பேசுவதில்லை. இனப்பிளவு என்றாலே சிங்களம், தமிழ் என்று இரண்டாக எண்ணிப் பழகிவிட்டோம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதும், அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விரட்டியதும் புலிகள். முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்ததும் கிழக்கில் யாருக்கும் மறக்கவில்லை. இந்தக் கோட்டின் இரு பக்கமும் நின்று வேலை செய்த மட்டக்களப்பு சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற இடங்களில், தமிழ், முஸ்லிம் பெண்கள் பல வருடமாக வீட்டு வன்முறை, வழக்கு, காணி என்று அன்றாட விஷயங்களில் ஒன்றாக இருந்தார்கள். நல்லிணக்கம் என்ற பலகை மாட்டாமலே நடந்த நல்லிணக்கம் அது. ஆனாலும் 2018இல் திருகோணமலைப் பெண்கள் கல்லூரியொன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவதை எதிர்த்துத் தமிழர்கள் வீதிக்கு வந்தபோது, அந்தக் கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். பெண் என்பதாலேயே ஒருத்தி சமாதானத்தின் பக்கம் நிற்பாள் என்ற நம்பிக்கை அன்றைக்கு உதவவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் முக்காடு போட்ட பெண்கள் பட்ட பாட்டிலும் அது உதவவில்லை.

எனக்கு நம்பிக்கை தந்தது பட்டறை எதுவுமல்ல, கடன். போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் வடக்கு கிழக்கில் வீடு வீடாகப் போயின. ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி, ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்றார்கள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றார்கள். பொலன்னறுவைச் சிங்களப் பெண்களுக்கும் அதே கதைதான். 2021 மார்ச்சில் ஹிங்குரக்கொடவில் அந்தப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், வாரக்கணக்கில். மற்ற மாவட்டப் பெண்களின் ஆதரவும் வந்து சேர்ந்தது. யாரும் யாரையும் மன்னிக்கச் சொல்லவில்லை. எதிரே நிற்பவர் இருவருக்கும் ஒருவரே என்பதால் மொழிபெயர்க்க அதிகம் இருக்கவில்லை.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. கடன் தள்ளுபடிக்குச் சேர்ந்து குரல் கொடுத்த பெண்ணிடம், 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் தோண்டத் தோண்ட வெளிவந்த எலும்புகளைப் பற்றியும் ஒருநாள் பேச வேண்டிவரும். தன் ஊரிலிருந்து படைக்குப் போன பையன்களைப் பற்றிய பேச்சாகவும் அது இருக்கும் என்பதால் அவள் எழுந்து போய்விடலாம். இருந்து கேட்கவும் செய்யலாம், ஏனென்றால் வட்டிக்காரன் வாசலில் நின்றபோது தன் பக்கம் நின்றது யார் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் வந்து போகும் பெண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நிதி கொடுப்பவர்கள் மூன்று வருடத் திட்டங்களாகவே யோசிக்கிறார்கள். கிழமைக் கடன் கட்டும் பெண்களின் குழுக்கள் அதைவிட நீண்ட காலமாக ஒன்றாக இருந்து வருகின்றன.