நட்டத்தை எழுதும் உரிமை

2023 நவம்பரில் 'தி மார்வெல்ஸ்' படம் கவிழ்ந்தபோது நண்பர்கள் வட்டத்தில் சின்னதாக ஒரு கொண்டாட்டமே நடந்தது. இருபது கோடி டாலருக்கு மேல் கொட்டி எடுத்த படம், உலகம் முழுக்க ஓடி 20.6 கோடி டாலரோடு நின்றுபோனது. மார்வெல் ஸ்டுடியோ எடுத்த படங்களில் அதுவரை இவ்வளவு குறைவாக வசூலித்தது வேறொன்றில்லை. 'ஏகாதிபத்தியத்தின் தொன்மங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன' என்று டீக்கடையில் அறிவித்தார் ஒரு தோழர். இன்னொருவர், கதை எழுதுகிறவர், 'சனங்களுக்குச் சலிச்சுப்போச்சு' என்றார். இருவருக்கும் ஆதாரம் ஒன்றுதான்: வசூல் எண். இதே இருவரும்தான் 2018இல் 'பிளாக் பேந்தர்' 134 கோடி டாலர் வசூலித்ததைக் கறுப்பின அரசியலின் வெற்றியாகப் பேசினார்கள். அப்போதும் ஆதாரம் எண்தான். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன், ஒரு கூட்டத்தில் மைக் பிடித்தே பேசியிருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையில் திட்டு வாங்குகிறவர்களில் நானும் ஒருவன்.

என் மனத்தாங்கல் இதுதான். படத்தைக் கட்டுடைக்கிறோம், நாயகனின் உடலை, அவன் காப்பாற்றும் நகரத்தை, வில்லனின் நிறத்தை, எல்லாவற்றையும் பிரதியாக்கி வாசிக்கிறோம். ஆனால் படத்தோடு சேர்ந்து வரும் பட்ஜெட், வசூல் என்கிற இரண்டு எண்களை மட்டும் மழையளவு மாதிரி அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறோம். அதையும் யாரோ எழுதுகிறார்கள், யாருக்காகவோ எழுதுகிறார்கள் என்பது நமக்கு உறைப்பதில்லை.

முதலாம் ராசராசன் தொட்டுச் சோழர் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு தொடங்கும். மன்னன் வென்ற நாடுகளின் பட்டியல் அது. அது முடிந்த பிறகுதான் கல்வெட்டின் வேலை ஆரம்பிக்கும்: எந்த நிலம், எந்தக் கோயிலுக்கு, எந்த வரி நீக்கி, யார் கையெழுத்து. எம்.ஏ. வகுப்பில் நாங்கள் உருப்போட்டது மெய்க்கீர்த்தியைத்தான். கீழே இருந்த எல்லை விவரத்தை எந்த வாத்தியாரும் தேர்வில் கேட்டதில்லை. ஹாலிவுட் வசூல் செய்தியை நாம் படிப்பதும் இந்த லட்சணத்தில்தான் இருக்கு.

முதலில் மேலோட்டமான சில கணக்குகள். வசூல் என்பது ஸ்டுடியோவின் பெட்டிக்கு வந்த பணமல்ல. ஏறக்குறையப் பாதி திரையரங்குகளுக்குப் போய்விடும். சீனத்து வசூலில் ஸ்டுடியோவுக்குக் கிடைப்பது கால் பங்குதான். பட்ஜெட் என்று வெளியே சொல்லப்படுவதில் விளம்பரச் செலவு சேராது. பெரிய படத்துக்கு அதுவே பத்துக் கோடி டாலரைத் தாண்டும். பட்ஜெட்டைப் போல் இரண்டரை மடங்கு வசூலானால்தான் படம் கரையேறும் என்று தொழிலில் ஒரு வாய்ப்பாடு புழங்குவது இதனால்தான். மறுபக்கம் தொலைக்காட்சி உரிமை, பொம்மை, சட்டை, கேளிக்கைப் பூங்கா எதுவும் வசூல் எண்ணுக்குள் வராது. செலவும் முழுசா இல்லை, வரவும் முழுசா இல்லை. இந்த இரண்டு அரைகுறை எண்களைக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் முதலாளித்துவத்தின் ஆயுளைக் கணிக்கிறோம்.

மெய்க்கீர்த்திக்குக் கீழே உள்ள வரிகளுக்கு வருவோம். 1989இல் வந்த 'பேட்மேன்' உலகம் முழுக்க 41 கோடி டாலர் வசூலித்தது. அந்தப் பாத்திரத்தின் திரை உரிமையைப் பத்தாண்டுகளுக்கு முன்பே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்தவர்கள் பெஞ்சமின் மெல்னிக்கர், மைக்கேல் உஸ்லன் என்ற இருவர். ஒப்பந்தப்படி இவர்களுக்கு 'நிகர லாபத்தில்' பங்கு. படம் வந்து சாதனை படைத்த பிறகு வார்னர் பிரதர்ஸ் நீட்டிய கணக்கில் லாபமே இல்லை. மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை. எப்படி? ஸ்டுடியோ தன் படத்தைத் தானே விநியோகித்துவிட்டுத் தனக்குத் தானே விநியோகக் கட்டணம் எடுத்துக்கொள்கிறது. நிர்வாகச் செலவு என்று ஒரு சதவீதம். போட்ட பணத்துக்கு வட்டி. மொத்த வசூலில் பங்கு பேசிக்கொண்ட ஜாக் நிக்கல்சன் ஐந்து கோடி டாலருக்கு மேல் வாங்கியதாகச் செய்தி வந்தது. அதுவும் 'செலவு' வரிசையில். பலசாலியின் லாபம் எளியவனின் கணக்கில் செலவாகப் பதிவாகிறது. இருவரும் 1992இல் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். இத்தனைக்கும் 1990இல் 'கமிங் டு அமெரிக்கா' படத்துக்காக ஆர்ட் புக்வால்ட் தொடுத்த வழக்கில் பாரமவுண்டின் நிகர லாபச் சூத்திரம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது என்று ஒரு நீதிபதி சொல்லியிருந்தார். அடுத்த நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டான் லீ கதையும் இதேதான். படங்களின் லாபத்தில் பத்து சதவீதம் என்று 1998இல் மார்வெல் அவருக்கு எழுதிக்கொடுத்தது. 2002இல் 'ஸ்பைடர்மேன்' 82 கோடி டாலர் வசூலித்தது. லீக்குப் பத்துப் பைசா வரவில்லை. வழக்குப் போட்டார், 2005இல் ஒரு கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அவர் பெயர் பெரிது, மார்வெலின் முகமே அவர்தான். முகமில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

இந்த இடத்தில்தான் ஜாக் கிர்பியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நமக்கு முந்தைய தலைமுறை 'ஆசிரியனின் மரணம்' பற்றிச் சிறுபத்திரிகைகளில் எழுதித் தீர்த்தது. நாங்கள் அதைப் படித்து வளர்ந்தோம். பிரதிக்குத் தகப்பன் இல்லை என்று வாசகனாக இருந்துகொண்டு சொல்லும்போது அதில் ஒரு விடுதலை இருந்தது. அதே வாக்கியத்தை ஒரு கம்பெனியின் வக்கீல் சொன்னால்? ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், தோர், எக்ஸ்-மென் எல்லாம் அறுபதுகளின் தொடக்கத்தில் கிர்பி பென்சில் பிடித்து வரைந்தவை. கூலி, பக்கத்துக்கு இவ்வளவு என்று. அவர் 1994இல் இறந்தார். 2009இல் அவருடைய பிள்ளைகள் பதிப்புரிமையைத் திரும்பக் கேட்டு அறிவிப்பு அனுப்பினார்கள். அதே ஆண்டுதான் டிஸ்னி 400 கோடி டாலர் அளவில் மார்வெலை விலைக்கு வாங்கியது. வழக்கு நடந்தது. 2011இலும், மேல்முறையீட்டில் 2013இலும் தீர்ப்பு மார்வெலுக்கே.

தீர்ப்பின் தர்க்கத்தைக் கவனிக்கணும். அன்றைய அமெரிக்கச் சட்டம் கேட்கும் கேள்வி 'யார் வரைந்தது' அல்ல. யாருடைய தூண்டுதலில், யாருடைய செலவில் வரையப்பட்டது என்பதே. செலவும் நட்ட அபாயமும் கம்பெனியுடையது என்றால் சட்டத்தின் கண்ணில் கம்பெனிதான் 'ஆசிரியர்'. கிர்பி தன் வீட்டில், தன் கருவிகளை வைத்து, தன் நேரத்துக்கு வரைந்தார். நிராகரிக்கப்பட்ட பக்கங்களுக்கு அவருக்குக் கூலி கிடையாது. ஒரு நாள் உழைப்பு குப்பைக்குப் போனால் அந்த நட்டம் அவர் வீட்டு அடுப்படியில்தான் விழும். நீதிமன்றம் அதை 'அபாயம்' என்று எண்ணவில்லை. புத்தகம் விற்காமல் போனால் கம்பெனிக்கு ஏற்படக்கூடிய நட்டம்தான் அபாயம். ஒருவனுடைய நட்டம் வெறும் வாழ்க்கை. இன்னொருவனுடைய நட்டம் மூலதனம், அதுவே அவனை ஆசிரியனாகவும் ஆக்குகிறது. பார்த் எழுதியபோது ஆசிரியன் இடத்தில் வாசகன் வந்து உட்காருவான் என்று நினைத்தோம். வந்து உட்கார்ந்தது வேற ஆளு. (வழக்கு உச்ச நீதிமன்றத்தின் வாசலில் இருக்கும்போது, 2014 செப்டம்பரில், சமரசம் ஆனது. விவரம் வெளியிடப்படவில்லை.)

சரி, அந்தப் புகழ்பெற்ற அபாயத்தை மார்வெல் எப்படிச் சுமந்தது? 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்த கம்பெனி அது. 2005இல் சொந்தமாகப் படமெடுக்க மெரில் லிஞ்ச் ஏற்பாட்டில் 52.5 கோடி டாலர் கடன் வாங்கியது. ஈடாக வைத்தது நிலமோ கட்டடமோ அல்ல, பத்துப் பாத்திரத் தலைப்புகளின் திரை உரிமை. கேப்டன் அமெரிக்கா, அவெஞ்சர்ஸ், ஆன்ட்-மேன், நிக் ஃப்யூரி, பிளாக் பேந்தர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த ஐந்தும் கிர்பியின் பென்சில் பட்டவை. படங்கள் தோற்றிருந்தால் அடமானம் மூழ்கியிருக்கும். அதாவது அபாயத்தில் வைக்கப்பட்டதே அந்த மனுஷனின் வேலைதான். அடகுக்கடைக்குப் போனது அவருடைய நகை, ரசீது மட்டும் கம்பெனி பேரில்.

இன்னும் ஒன்று. பட்ஜெட்டில் ஒரு துண்டை அரசுகள் தருகின்றன. பிரிட்டன், அங்கே செய்த செலவில் நான்கில் ஒரு பங்குவரை திருப்பித் தந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், 2015இல் வந்த 'ஆன்ட்-மேன்' முதல் பல மார்வெல் படங்கள் எடுக்கப்பட்ட இடம், இருபது சதவீதம் வரிச் சலுகையும், படத்தில் மாநிலத்தின் பீச்சுப்பழ முத்திரையைக் காட்டினால் மேலும் பத்தும் தருகிறது. சலுகையைப் பயன்படுத்துமளவுக்கு அங்கே வரி கட்ட வேண்டியதில்லை என்றால் அதை வேறொரு வரிதாரருக்கு விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம். சில ஆண்டுகளில் மொத்தத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. செலவு செய்தவனே ஆசிரியன் என்றால் அட்லாண்டாவில் பஸ் ஓட்டுகிறவர்தான் கேப்டன் அமெரிக்காவின் இணையாசிரியர். எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை.

இந்தத் தர்க்கம் தன் உச்சத்துக்குப் போனது 2022 ஆகஸ்டில். 'பேட்கேர்ள்' என்ற படத்தை கிளாஸ்கோவில் சுமார் ஒன்பது கோடி டாலர் செலவில் எடுத்துவிட்டார்கள், படத்தொகுப்பு நடந்துகொண்டிருந்தது. வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி என்று அந்த ஏப்ரலில் இணைந்து உருவான நிறுவனம் படத்தை வெளியிடுவதில்லை என்று முடிவுசெய்தது. செலவு முழுவதையும் நட்டமாக எழுதிக் கழித்தால் வரியில் லாபம். நிபந்தனை, படத்தை இனி காசாக்கக் கூடாது. இயக்குநர்கள் ஆதில் எல் அர்பி, பிலால் ஃபல்லா. சேதி வந்தபோது மொராக்கோவில் ஆதிலின் கல்யாணத்தில் இருந்தார்கள். செல்போனிலாவது கொஞ்சம் பதிவுசெய்து வைத்துக்கொள்ளலாம் என்று படக்கோப்புகளைத் திறக்கப் பார்த்தால் வழி அடைக்கப்பட்டிருந்தது என்று பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார்கள். நடித்தவர்களுக்கும் வேலை செய்தவர்களுக்கும் ரகசியமாகச் சில காட்சிகள் போட்டுக் காட்டினார்களாம்; அங்கே அதற்கு வைத்த பெயர் இறுதிச்சடங்குக் காட்சி. வாசகனே இல்லாத பிரதி என்று கோட்பாட்டில் பேசியிருக்கிறோம். வாசகன் இல்லாமல் இருப்பதாலேயே மதிப்புப் பெறும் பிரதியை இப்போதுதான் பார்க்கிறேன்.

இப்போது மறுபடி டீக்கடைக்கு. 2014இல் மார்வெல் என்டர்டெயின்மென்டின் தலைவர் ஐசக் பெர்ல்மட்டர் சோனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். சோனியின் கணினிகள் களவாடப்பட்ட பிறகு 2015இல் விக்கிலீக்ஸ் மூலம் வெளியே வந்தது. பெண் சூப்பர் ஹீரோ படங்கள் எடுபடாது என்பதற்கு மூன்று சான்று: 'சூப்பர்கேர்ள்' (1984), 'கேட்வுமன்' (2004), 'எலெக்ட்ரா' (2005). வாதம் ஒன்றும் பெரிதாக இல்லை, பெயரும் வசூலும்தான். 2011இல் இருபது கோடி போட்டு இருபத்திரண்டு கோடி வசூலித்துக் கவிழ்ந்த 'கிரீன் லேன்டர்ன்' ஆண்களுக்கு எதிரான சான்றாக எந்தப் பட்டியலிலும் வரவில்லை. 'தி மார்வெல்ஸ்' கவிழ்ந்தபோதும் பழைய பாட்டுதான். படப்பிடிப்பில் நாள்தோறும் மேற்பார்வை போதவில்லை என்று டிஸ்னி தலைவர் பாப் ஐகர் மேடையில் சொன்னார். இயக்கியவர் நியா டகோஸ்டா, மார்வெல் படமொன்றை இயக்கிய முதல் கறுப்பினப் பெண். 'பிளாக் பேந்தரு'க்கு 134 கோடியை நியாயமாகக் காட்டிய நம்மிடம் இதற்குச் சொல்ல என்ன இருந்தது? அவர்கள் கல்வெட்டை நாம் நமக்காக வாசித்தோம், அவ்வளவுதானே. 2018இல் அந்த எண் கிர்பி குடும்பத்துக்கு எவ்வளவு போனது என்று நாம் கேட்டிருந்தால் ஒருவேளை பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

2021இல் 'கார்டியன்' நாளிதழ் எழுதியது: தாங்கள் உருவாக்கிய பாத்திரமோ கதையோ படமானால் மார்வெல் எழுத்தாளர்கள், ஓவியர்கள் சிலருக்குக் கிடைப்பது முதல் காட்சிக்கு ஓர் அழைப்பும் 5,000 டாலர் காசோலையும். 'வின்டர் சோல்ஜர்' பாத்திரத்தை உருவாக்கிய எட் புரூபேக்கர், அதற்காகக் கிடைத்ததைவிட அந்தப் படத்தில் ஒரு நொடி தலைகாட்டியதற்கு நடிகர் சங்க விதிப்படி வந்த தொகை அதிகம் என்றார். படத்தின் வசூல் 71 கோடி டாலர். எழுத்தாளனாக அவருக்குச் சங்கம் இல்லை; துணை நடிகனாக இருந்தது.

நட்டம் நிஜமாகவே விழுகிற இடங்களும் உண்டு. கணினிக் காட்சிகள் செய்கிற நிறுவனங்கள் முழு வேலைக்கும் ஒரே தொகை பேசி எடுக்கின்றன. ஸ்டுடியோ பத்து முறை மாற்றச் சொன்னாலும் தொகை பெரும்பாலும் அதேதான். 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு (சூப்பர் ஹீரோ படமல்ல, ஆனால் வேலைமுறை ஒன்றே) 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கிய ரிதம் அண்டு ஹ்யூஸ் அதே மாதம்தான் திவால் மனு கொடுத்தது. படம் அறுபது கோடி டாலரை ஒட்டி வசூலித்திருந்தது.

மார்வெலின் நேரடிச் சம்பளத்தில் இருந்த காட்சிக்கலைத் தொழிலாளர்கள், ஐம்பது பேருக்குச் சற்று மேல், 2023 செப்டம்பரில் சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள். லாபத்தில் பங்கு என்று அவர்கள் ஆரம்பிக்கவில்லை. வேலை நேரம், மிகைநேரக் கூலி, மருத்துவக் காப்பீடு என்று ஆரம்பித்தார்கள். 'தி மார்வெல்ஸ்' வருவதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது இது. டீக்கடையில் அன்றைக்கு நாங்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம்.