சாறு பூட்டப்படுவதில்லை

ஸ்டீக் சுடும் குறிப்புகளில் ஒரு வரி அடிக்கடி வரும்: முதலில் கடும் சூட்டில் போடுங்கள், மேற்பரப்பு மூடிக்கொள்ளும், சாறு உள்ளேயே நிற்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உண்மை இல்லை.

வெளிப்புறப் புரதம் இறுகி உறை போலாகும் என்ற கருத்தை 1847இல் பரப்பியவர் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக். 1984இல் ஹெரால்டு மெக்கீ தன் நூலில் விளக்கமாக மறுத்தார். வரி மட்டும் சாகவில்லை.

இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம், காது போதும். இருபக்கமும் சிவந்த பிறகும் கறி சுர்ரென்று சத்தம் போடுதே, அது வெளியேறும் நீர் ஆவியாகும் சத்தம். மூடியிருந்தால் சத்தம் ஏது?

அப்போ கடும் சூடு வீணா? இல்லை. பழுப்பு நிறமும் மணமும் அதனால்தான் வருகின்றன. 1912இல் மயார் விவரித்த வினை அது. செய்முறை சரி, சொல்லும் காரணம்தான் தப்பு. அந்தத் தப்புக்கு விலை உண்டு: சாறு பூட்டியாச்சு என்று நம்பி நெருப்பிலேயே விட்டுவிடுவோம். கறி எவ்வளவு வறளும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது அதன் நடுப்பகுதிக்கு ஏறும் சூடு.

அர்ஜென்டினாவில் அசாடோ சுடுபவர்கள் தீ அடங்கிய தணலில் நிதானமாகச் சுடுகிறார்கள். கூடவே வீட்டில் செய்த சிமிச்சூரி: பார்ஸ்லி, பூண்டு, ஓரிகானோ, மிளகாய் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, வினிகரும் எண்ணெயும் ஊற்றி ஊறவைத்தது. அந்தப் புளிப்புக்கு வாயில் எச்சில் ஊறும். கறி சாறாக இருப்பதாக நாம் உணர்வதில் அதற்கும் பங்கு உண்டு. பூட்டு தேடுவதை விட்டுவிட்டு இதைச் செய்யலாம்.