அதிர்ஷ்டமும் தெய்வ பராமரிப்பும்: இரு நூல்களைப் பற்றிய ஒரு திறனாய்வு

சில ஆண்டுகளுக்கு முன்னர் சிற்றூர்ச் சபையொன்றில் பிலிப்பியர் 4:13ஐ மூலவசனமாகக் கொண்டு நாம் அருளுரை ஆற்றினோம். மனந்தளராதிருத்தல், நல்லதையே எதிர்நோக்குதல், விடாமுயற்சி என்னும் மூன்று தலைப்புகளில் அமைந்த அவ்வுரையைச் சபையார் மகிழ்ச்சியுடன் கேட்டனர். ஆராதனை முடிந்தபின் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, என் மகன் மூன்று முறை அரசுத் தேர்வு எழுதினான். மூன்று முறையும் நம்பிக்கையோடுதான் எழுதினான். அவனுடைய நம்பிக்கையில் என்ன குறை இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் குறைகூறும் நோக்குடன் கேட்கவில்லை; அறியும் ஆவலினாலேயே கேட்டார். நம்மால் விடை கூற இயலவில்லை. அன்று நாம் பேசியவற்றில் பெரும்பகுதி பவுலிடமிருந்து வந்ததன்று, நார்மன் வின்சென்ட் பீலிடமிருந்து வந்தது என்பதை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தோம். இக்கட்டுரைக்குக் காரணம் அம்முதியவரின் கேள்வியே.

பீல் அவர்கள் நியூயார்க் நகரின் மார்பிள் கல்லூரித் திருச்சபையில் 1932 முதல் 1984 வரை ஆயராகப் பணியாற்றியவர். 1952இல் வெளிவந்த 'நேர்நோக்குச் சிந்தனையின் வல்லமை' என்னும் அவரது நூல் உலகெங்கும் பரவியது. அதைப் படிக்காத போதகர்களின் பிரசங்கங்களிலும் அதன் கருத்துக்கள் குடியேறியுள்ளன. தோல்வியை எண்ணுகிறவன் தோற்பான், வெற்றியை மனத்தில் வரைந்து அதை இறுகப் பற்றிக்கொள்பவன் வெல்வான் என்பதே நூலின் சாரம். திருமறை வசனங்களை நாள்தோறும் பன்முறை கூறி மனத்தில் பதித்துக்கொள்ளும்படி அவர் வாசகருக்குப் பரிந்துரைக்கிறார். நாம் அன்று எடுத்துக்கொண்ட பிலிப்பியர் வசனம் அவற்றுள் முதன்மையானது.

பீலைப் பரிகசிப்பது எளிது. 1950களிலேயே ரைன்ஹோல்ட் நீபுர் முதலான இறையியலார் அவரைக் கடுமையாகக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. எனினும் அச்சத்தாலும் தாழ்வுணர்ச்சியாலும் ஒடுங்கிக்கிடந்த எண்ணற்றோர் அந்நூலைப் படித்து எழுந்து நடந்தனர் என்பதையும் மறைத்தலாகாது. நமது கேள்வி அந்நூல் எவருக்கும் பயன்பட்டதா என்பதன்று. அது கூறுவது மெய்தானா என்பதே. நூல் முழுவதும் சான்றாக நிரம்பியிருப்பவை வெற்றிபெற்றோரின் கதைகள். ஒரு வணிகர், ஒரு விற்பனையாளர், ஒரு விளையாட்டு வீரர் எனப் பலர் வந்து தம் நற்பேற்றைச் சொல்லிச் செல்கின்றனர். அதே முறையைக் கையாண்டும் வீழ்ந்தவர் அந்நூலுக்குள் வருவதில்லை. கரை சேர்ந்தோரை மட்டும் விசாரித்துவிட்டுக் கடலில் ஆபத்தில்லை என்று முடிவுகட்டுவது போன்றது இது. அம்முதியவரின் மகனுக்கு அந்நூலில் இடமில்லை.

பிலிப்பியர் நிருபத்தைப் பொறுத்தவரை குற்றம் இன்னும் பெரிது. பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார். பதின்மூன்றாம் வசனத்துக்கு முந்திய வசனத்தில் அவர் கூறுவது நிறைவையும் குறைவையும், உண்டிருப்பதையும் பட்டினியையும் ஒருங்கே தாங்கக் கற்றுக்கொண்டதைப் பற்றியேயாம். எல்லாவற்றிற்கும் தமக்குப் பெலனுண்டு என்று அவர் சொல்லும்போது, அந்த 'எல்லாம்' என்பதனுள் பட்டினியும் அடங்கும். முந்திய வசனத்தைக் கத்தரித்துவிட்டுப் பிந்தியதை மட்டும் சுவரில் மாட்டினால், துன்பத்தைத் தாங்கும் பெலனைப் பற்றிய சாட்சியம் துன்பம் வராமற் காக்கும் மந்திரமாகிவிடுகிறது. நாம் செய்ததும் அதுவே.

இனி, வேறு வகையான நூலொன்று. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மேன் 2003இல் 'அதிர்ஷ்டக் காரணி' என்னும் நூலை வெளியிட்டார். இளமையில் மாயவித்தை காட்டிப் பிழைத்தவர் அவர். ஆகவே மனிதர் எதைக் காண்கின்றனர், எதைக் காணத் தவறுகின்றனர் என்பதில் அவருக்குத் தனி ஈடுபாடு உண்டு. தம்மை அதிர்ஷ்டசாலிகள் என்று கருதுவோரையும் துரதிர்ஷ்டசாலிகள் என்று கருதுவோரையும் அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவரது சோதனைகளுள் ஒன்று பெரிதும் அறியப்பட்டது. இருதிறத்தார் கையிலும் ஒரே செய்தித்தாளைக் கொடுத்து, அதிலுள்ள புகைப்படங்களை எண்ணச் சொன்னார். இரண்டாம் பக்கத்திலேயே, எண்ணுவதை நிறுத்துங்கள், இதில் 43 படங்கள் உள்ளன என்ற கருத்துடைய அறிவிப்பு அரைப்பக்க அளவில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதிர்ஷ்டசாலிகள் அதைக் கண்டு நொடிகளில் முடித்தனர். மற்றவரோ படங்களையே தேடிக்கொண்டு அவ்வறிவிப்பைக் கடந்து சென்றனர்.

இவ்வேறுபாட்டுக்கு வைஸ்மேன் கூறும் விளக்கம் எளியது. கவலை கண்ணின் எல்லையைக் குறுக்கிவிடுகிறது. இறுக்கமின்றி இருப்பவர் தேடாததையும் காண்கின்றனர். அவர்கள் அயலாரிடம் பேசுகின்றனர், புதிய வழியில் நடக்கின்றனர், உள்ளுணர்வுக்குச் செவிசாய்க்கின்றனர், நன்மையை எதிர்பார்ப்பதால் ஒரு தோல்வியோடு நின்றுவிடாமல் மீண்டும் முயல்கின்றனர், தீமை நேர்ந்தால் அதனுள் எஞ்சியிருக்கும் நன்மையைத் தேடுகின்றனர். 'அதிர்ஷ்டம்' என்னும் வடசொல்லுக்குக் காணப்படாதது என்பது பொருள். வைஸ்மேன் கூற்றுப்படி அதில் ஒரு பகுதி கண்ணெதிரே கிடப்பதுதான்.

பீலிடம் காணாத நேர்மையொன்று இவரிடம் உண்டு. தம்மை அதிர்ஷ்டசாலிகள் என்று நம்பியோரை லாட்டரிச் சீட்டு விஷயத்தில் அவர் சோதித்தபோது, வெல்வோம் என்ற உறுதி அவர்களிடம் மிகுந்திருந்தது. வெற்றியோ மற்றவரைவிட மிகுந்திருக்கவில்லை. மனப்பாங்கு உருளும் எண்களை அசைப்பதில்லை. மனிதனின் நடத்தையை மட்டுமே அசைக்கிறது. இதனை ஓர் இறைமறுப்பாளரும் ஏற்பர், நாமும் ஏற்கலாம். எனினும் குறைகள் இல்லாமல் இல்லை. யார் அதிர்ஷ்டசாலி என்பதை அவரவர் வாய்மொழியைக் கொண்டே அவர் பிரித்தார். ஒரு மாதம் பயிற்சி மேற்கொண்டவருள் 80 விழுக்காட்டினர் முன்னினும் மகிழ்ச்சியும் அதிர்ஷ்டமும் உடையவராயினர் என்னும் முடிவும் அவர்கள் தாமே கூறியதைச் சார்ந்தது. அன்றியும் அவரது சோதனையில் எல்லார் கையிலும் ஒரே செய்தித்தாள் இருந்தது. உலகம் அவ்வாறு எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுப்பதில்லை. சிலருடைய தாளில் இரண்டாம் பக்கமே கிழிக்கப்பட்டிருக்கும்.

இவ்விரு நூல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் துலக்குவதற்கு மூன்றாவதாக ஓர் ஆய்வு துணைசெய்கிறது. கபிரியேலே ஓட்டிங்கன் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் மற்றொருவருடன் இணைந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடிய பட்டதாரிகளை ஈராண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வேலை கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்த்தோர் நன்கு முயன்று பயனடைந்தனர். வேலை கிடைத்துவிட்டதாகவே இனிய கற்பனைகளில் அடிக்கடி மூழ்கியோரோ குறைவான விண்ணப்பங்களை அனுப்பினர், குறைவான ஊதியமே பெற்றனர். எதிர்பார்ப்பு வேறு, கற்பனை வேறு. கற்பனை, அடையாததை அடைந்தாற்போன்ற நிறைவைத் தந்து கால்களைக் கட்டிவிடுகிறது. வெற்றியின் சித்திரத்தை மனத்தில் வரைந்து கொண்டிருக்கும்படி பீல் சொன்ன அறிவுரையை இவ்வாய்வு நேரடியாகத் தாக்குகிறது. ரோமர் 5:3-4இல் பவுல் அமைக்கும் வரிசையில் நம்பிக்கை முதலில் நிற்பதில்லை என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். உபத்திரவத்துக்கும் பொறுமைக்கும் பரீட்சைக்கும் பின்னரே அது வருகிறது.

அதிர்ஷ்டம் என்னும் சொல்லையே திருச்சபை ஐயத்துடன்தான் நோக்கி வந்துள்ளது. 386இல் தாம் எழுதத் தொடங்கிய நூலொன்றில் அச்சொல்லை அடிக்கடி கையாண்டமைக்காக அகுஸ்தீன் தம் முதுமையில் வருந்தினார். கால்வின் தமது 'கிறிஸ்தவ சமய போதனை'யின் முதல் நூலில் தெய்வ பராமரிப்பை விளக்குமிடத்து, தற்செயல் என ஒன்று இல்லையென்றே மறுக்கிறார். நமது தமிழ்த் திருமறையிலும் இம்மனப்பான்மை தென்படுகிறது. பிரசங்கி 9:11இல் காலமும் தற்செயலும் எல்லாருக்கும் நேரிடும் என்று பொருள்படும் எபிரெயச் சொற்களை நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'சமயமும் தேவச்செயலும்' என்று தமிழாக்கினர். பக்தியுள்ள மொழிபெயர்ப்புதான், ஆயினும் பிரசங்கியின் கசப்பை அது சற்றே இனிப்பாக்கிவிட்டது என்று கூறத் துணிகிறோம். வேகமுள்ளவன் ஓட்டத்தில் தோற்பதைக் கண்டு திகைத்து நின்ற ஞானி அவர். விடாமுயற்சிக்கு எப்போதும் பலன் உண்டு என்போர் முதலில் அவருக்கு விடை கூற வேண்டும்.

ஆனால் ரூத் 2:3இல் அதே மொழிபெயர்ப்பு 'தற்செயலாய்' என்னும் சொல்லைத் தயங்காது பயன்படுத்துகிறது. எபிரெயத்திலோ அவளுடைய தற்செயல் தற்செயலாக நேர்ந்தது என்பது போன்ற இரட்டிப்பு அமைந்துள்ளது. நமது பொருளுக்கு இப்பகுதியினும் சிறந்த விளக்கம் இல்லை. ரூத் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. கதிர் பொறுக்கப் போகட்டுமா என்று தானே கேட்டாள். இதுவரை வைஸ்மேன் மகிழ்வார். அவள் சென்ற வயல் போவாசுடையதாக அமைந்தது. அதை அவள் தெரிந்தெடுக்கவில்லை. இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றுண்டு. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமலும் சிந்திய கதிர்களைப் பொறுக்காமலும் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிட்டிருந்தது. அக்கட்டளையும், அதற்குக் கீழ்ப்படிந்த நிலக்காரன் ஒருவனும் இல்லாதிருந்தால், ரூத்தின் துணிவும் நல்லெண்ணமும் விடாமுயற்சியும் அவளை வெறும் வயலுக்கே கொண்டுசென்றிருக்கும். நாம் ஆராய்ந்த நூல்கள் முதலாவதைப் பற்றி நிறையப் பேசுகின்றன. இரண்டாவதைப் பீல் மறுக்கிறார், வைஸ்மேன் ஒப்புக்கொள்கிறார். மூன்றாவதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

விடாமுயற்சிக்கு நாம் வழக்கமாக எடுத்துக்காட்டும் லூக்கா 18ஆம் அதிகாரத்து விதவையையும் இவ்வொளியில் மீண்டும் படிப்பது நலம். அவள் மலர்ந்த முகத்துடன் இருந்தாள் என்று எங்கும் சொல்லப்படவில்லை. நியாயாதிபதி அஞ்சிய அலட்டுதலைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல் குத்துச்சண்டைக்குரியது. கண்ணுக்குக் கீழே குத்துவது என்பது அதன் அடிப்பொருள். பவுல் 1 கொரிந்தியர் 9:27இல் தம் சரீரத்தை ஒடுக்குவதைப் பற்றிக் கூறுமிடத்தும் அச்சொல்லே வருகிறது. அவள் கேட்டது அதிர்ஷ்டத்தையன்று, நியாயத்தை. நியாயாதிபதி நேர்மையானவனாக இருந்திருந்தால் அவள் முதல் நாளே வீடு திரும்பியிருப்பாள். ஏழைகளின் விடாமுயற்சியைப் புகழ்ந்து பிரசங்கிக்கும் நாம், அவர்களை இத்தனை முறை நடக்க வைத்தவர் யார் என்று கேட்பதில்லை.

நற்பேறு பெற்றோர் அதனோடு நின்றுவிடுவதில்லை, தாம் அதற்குத் தகுதியுடையவர் என்றும் நம்ப விரும்புகின்றனர் என்று மாக்ஸ் வேபர் சுட்டிக்காட்டியுள்ளார். மனப்பாங்கே செல்வம் தரும் என்னும் போதனை இவ்விருப்பத்தை நிறைவேற்றுகிறது; அதனாலேயே வசதியுள்ள சபைகளில் அது வரவேற்புப் பெறுகிறது. அதன் மறுபக்கம் மருத்துவமனைப் படுக்கையருகே தெரியும். அமெரிக்கச் செழிப்பு உபதேசத்தின் வரலாற்றை 2013இல் நூலாக எழுதிய கேட் பௌலர் என்னும் பேராசிரியை, ஈராண்டுகளில், தமது 35ஆம் வயதில், முற்றிய குடற்புற்றுநோய்க்கு உள்ளானார். நடப்பதற்கெல்லாம் காரணமுண்டு என்று ஆறுதல் கூற வந்தோரின் சொற்கள் எவ்வளவு பாரமானவை என்பதை 2018இல் வெளியிட்ட நூலில் அவர் விவரிக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பற்றி நம் ஆண்டவர் மொழிந்ததை (லூக்கா 13:4) நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். ஆயினும் படுத்த படுக்கையாயிருப்பவரிடம், இன்னும் சற்று விசுவாசியுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறோம்.

வைஸ்மேனின் நூலை மாணவர் வாங்கிப் படிக்கலாம். கவலை கண்ணை மறைக்கும் என்று அவர் காட்டும் பகுதி ஆற்றுப்படுத்தும் பணிக்குப் பெரிதும் உதவும். பயிற்சிகளைக் கூறும் இறுதிப் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். பீலின் நூலை, அதனோடு பிலிப்பியர் நிருபம் முழுவதையும் ஒரே அமர்வில் வாசிக்க இயன்றோர் மட்டும் எடுக்கட்டும். அம்முதியவரை நாம் மீண்டும் சந்தித்தோம். அன்று தங்கள் கேள்விக்கு விடை கூறாமைக்கு வருந்துகிறோம் என்றும், மகனின் நம்பிக்கையில் குறை இருந்ததாக நாம் கருதவில்லை என்றும் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அதை அவனிடமே ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள், ஐயா," என்று கூறி வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.