பிரம்பு போய் நட்சத்திரம்

'அடியாத மாடு படியாது' என்றவர்கள் இப்போது நோட்டில் நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. நல்லது. அதிகாரம் வகுப்பை விட்டுப் போய்விட்டதா என்ன?

நட்சத்திரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்டது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளி. தாமாகவே ஸ்கெட்ச் பேனாவில் ஆசையாக வரைகிற பிள்ளைகள். சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் பெற்றவர்களுக்குச் சேதாரமில்லை. ஆக, கெடுத்தது பரிசல்ல, பேரம். விளையாட்டு கூலிவேலையாகிவிட்டது.

ஏற்கனவே பிடித்த வேலைக்குத்தான் இது பொருந்தும் என்பார்கள். சரி, ஒப்புக்கொள்வோம். பிடிக்காத வேலையை 'எதுக்கு மிஸ் செய்யணும்?' என்று பிள்ளை கேட்டால் பதில் வேண்டாமா? பதிலுக்குப் பதிலாக நட்சத்திரத்தை நீட்டுகிறோம். மறுநாள் அதே வாய் சொல்கிறது: 'பேசினா ஸ்டாரைப் பிடுங்கிருவேன்.' பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார்கள், முன்பு பிரம்பைப் பார்த்து உட்கார்ந்த மாதிரியே.